செம்மண் லாரி வேண்டாம், சணப்பை விதையுங்கள்: வடசென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதவரத்தில் இருந்து இதை எழுதுகிறேன். பெரம்பூர், கொளத்தூர், வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் பக்கத்தில் எங்கே போனாலும் ஏதாவது ஒரு குடியிருப்பின் பின்புறத்தில் நாலு வெண்டைச் செடியும் ஒரு புடலைப் பந்தலும் கண்ணில் படுகின்றன. ஆலைப் புகைக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே வாழ்கிறவர்கள், கிடைத்த இரண்டு சென்ட் இடத்தில் காய்கறி போட நினைப்பதே பெரிய விஷயம். அப்படிப்பட்ட தோட்டங்கள் சிலவற்றில் நானும் மண்வெட்டி பிடிக்கிறேன். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

ஆண்டுக்கு ஒரு முறை, கோடையில், இரண்டு மாதம் உங்கள் தோட்டத்தைக் காய்கறிக்குத் தராமல் மண்ணுக்குத் தாருங்கள். அந்த நாட்களில் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து வளர்த்து, பூவெடுக்கும் நேரத்தில் அதே மண்ணில் மடக்கிக் கொத்திவிடுங்கள். இப்படிப் பச்சையாகவே மண்ணுக்குக் கொடுக்கும் செடிக்குத்தான் பசுந்தாள் உரம் என்று பெயர். செம்மண் லோடுக்கு இனிமேல் பணம் ஒதுக்காதீர்கள்.

இதை ஏன் சங்கங்களுக்கு எழுதுகிறேன் என்றால், செம்மண் வாங்கும் முடிவு எடுக்கப்படுவது உங்கள் கூட்டத்தில்தான். தோட்டக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். முதல் செலவு லாரி மண்ணுக்குத்தான் ஆகியிருக்கும். மனையை மேடாக்க அடித்த சவுடும், கட்டடம் கட்டும்போது சிந்திய சிமெண்டும் ஜல்லியும் உடைந்த செங்கல்லும் கலந்த தரையில் எதுவும் உருப்படியாக வராது என்பது உண்மை. ஆகவே ஒரு லோடு செம்மண் வருகிறது. அதன் மேல் கொஞ்சம் தொழு உரம் தூவப்படுகிறது. முதல் பருவத்தில் கத்தரியும் வெண்டையும் நன்றாகவே காய்க்கின்றன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை அடிக்கிறது. மேல்மண் அடித்துப் பூசிய தரையாக இறுகிவிடுகிறது. தை மாதத்தில் களைக்கொத்தை இறக்கினால் உள்ளே போகாமல் வழுக்கி ஓடுகிறது. அடுத்த பருவத்துச் செடிகள் முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. "மண்ணில் சத்து போய்விட்டது, இன்னொரு லோடு அடித்துவிடலாம்" என்று தீர்மானம் போடுகிறோம்.

முதல் பருவத்தில் காய்த்தது செம்மண்ணால் அல்ல, அதில் கலந்த தொழு உரத்தால். செம்மண்ணில் இரும்பு இருக்கிறது, நிறம் அழகாக இருக்கிறது, ஆனால் மக்கிய தாவரப் பொருள் மிகக் குறைவு. மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பதும், நீரைப் பிடித்து வைப்பதும், நுண்ணுயிர்களுக்குச் சோறு போடுவதும் அந்த மக்கிய பொருள்தான். நம் ஊர் வெயிலில் அது வேகமாகக் கரைந்து போகிறது. குளிர்ப் பிரதேசத்து மண்ணில் பல ஆண்டு தங்கக்கூடியது இங்கே சில பருவங்களிலேயே காணாமல் போகும். எனவே ஒருமுறை கொட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, ஆண்டுதோறும் ஊட்ட வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் லாரியில் வருவதா, அங்கேயே முளைப்பதா என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் தோட்டம் ஓர் அடி உயர்ந்தால், திருவள்ளூர் பக்கம் எங்கோ ஒரு மேடு அல்லது ஏரிப் படுகை ஓர் அடி பள்ளமாகிறது. நாம் வீட்டுக் காய்கறி சாப்பிடுவதற்காக வேறோர் ஊரின் நிலத்தைத் தோண்டி எடுத்துவருவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. உங்களுக்கும் ஒப்பாது என்று நம்புகிறேன்.

சரி, இங்கே இருக்கும் மண்ணுக்கு என்ன குறை? வடசென்னை மண் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருப்பதில்லை. காசிமேட்டில் இருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலோரம் மணற்பாங்கு. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் நின்று பார்ப்பதற்குள் கீழே இறங்கிவிடும், போட்ட உரமும் கூடவே போய்விடும். மாதவரம், கொளத்தூர், புழல், ரெட்டேரிப் பக்கம் பழைய ஏரிப் படுகைகளும் வயல்களும் வீட்டுமனையான இடங்கள். அங்கே களிமண். மழையில் கால் புதையும், கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த சேதி. கடலோரத்தில் போர்வெல் தண்ணீர் பாய்ச்சும் தோட்டங்களில் மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மணலுக்கும் களிமண்ணுக்கும் குறை வெவ்வேறு என்றாலும் மருந்து ஒன்றுதான் என்பது எனக்கு இன்றும் வியப்பு. மக்கிய தழை மணலில் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. களிமண்ணில் கட்டிகளைப் பிரித்து நீருக்கும் காற்றுக்கும் வழிவிடுகிறது. உப்பு மண்ணுக்குத் தக்கைப்பூண்டு தனிச் சிறப்பு. ஓரளவு உப்பையும் களர்த் தன்மையையும் தாங்கும், தண்ணீர் தேங்கினாலும் அழுகாது. அதன் ஆணிவேர் இறுகிய அடிமண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கும். சணப்பைக்குத் தண்ணீர் தேங்குவது பிடிக்காது, ஆனால் வறட்சியைத் தாங்கும், வேகமாக வளரும். ஆகவே மேட்டுப் பாத்திக்கும் மணலுக்கும் சணப்பை, பள்ளமான களிமண்ணுக்கும் உப்புத் தரைக்கும் தக்கைப்பூண்டு என்று வைத்துக்கொள்ளலாம். கொளுஞ்சி, நரிப்பயறு, சித்தகத்தி, மணிலா அகத்தி என்று இன்னும் பல உண்டு. தொடங்குகிறவர்களுக்கு முதலில் சொன்ன இரண்டும் போதும்.

இவை எல்லாம் பயறு வகைக் குடும்பத்துச் செடிகள். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருந்தும் கத்தரியாலோ தக்காளியாலோ அதைத் தொட முடியாது. மணலியில் அரை நூற்றாண்டாக ஒரு பெரிய ஆலை அந்த நைட்ரஜனைப் பிடித்து யூரியாவாக்கி வருகிறது. அதற்கு எரிபொருளும் கடும் அழுத்தமும் வெப்பமும் தேவை. சணப்பையின் வேரில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அதே நைட்ரஜனைச் சத்தமில்லாமல், சாதாரண வெப்பநிலையில், செடி கொடுக்கும் சர்க்கரையை வாங்கிக்கொண்டு பிடித்துத் தருகிறது.

நம்பாதவர்கள் கண்ணால் பார்க்கலாம். விதைத்து ஒரு மாதம் ஆனதும், முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, ஒரு சணப்பைச் செடியை இழுக்காமல் மண்ணோடு தோண்டி எடுங்கள். வாளித் தண்ணீரில் வேரை மெதுவாக அலசுங்கள். பக்கவேர்களில் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் முடிச்சுகள் தொங்கும். ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அந்தச் சிவப்பு நம் இரத்தத்தில் இருப்பதற்கு உறவான ஒரு புரதத்தின் நிறம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் பாக்டீரியா சரியாக வேலை செய்யவில்லை. அப்போது அடுத்த விதைப்பில் ரைசோபியம் உயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். பள்ளித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டியே ஆக வேண்டும். படம் வரைந்து காட்டும் பாடத்தைவிட அந்த ஒரு முடிச்சு அதிகம் சொல்லும்.

அளவும் சொல்லிவிடுகிறேன். தக்கைப்பூண்டு விதை ஏக்கருக்கு 20 கிலோ என்பது வழக்கமான கணக்கு. சென்டுக்கு 200 கிராம் வரும். புறாவும் எறும்பும் எடுப்பதை நினைத்து இன்னொரு 50 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாக வந்தால் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் வரை பசுந்தாள் கிடைக்கும், அதாவது சென்டுக்கு 80 முதல் 100 கிலோ. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. என்றாலும் அதில் இருக்கும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மட்டும் சென்டுக்கு ஏறக்குறைய 350 கிராமுக்கு மேல். அதை யூரியாவாகக் கொடுத்தால் முக்கால் கிலோ ஆகும். யூரியா தழைச்சத்தோடு நின்றுவிடும். இங்கே அதனுடன் மண்ணுக்கு உணவும், வேர் துளைத்த வழிகளும் சேர்ந்து கிடைக்கின்றன. இதற்கு வண்டி வாடகை இல்லை, மூட்டை தூக்கும் கூலி இல்லை.

ஏன் கோடை என்று கேட்பீர்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் பெரியவர்கள். அந்த ஆடிக்கு மண்ணைத் தயார் செய்வது அதற்கு முந்தின இரண்டு மாதங்கள்தான். கத்திரி வெயிலில் நம் தோட்டங்களில் என்ன இருக்கிறது? வதங்கிய கீரையும், பூ உதிர்ந்த தக்காளியும், பாதிக்கு மேல் வெறும் பாத்தியும். அந்த வெறும் மண்ணை வெயில் சுட்டுக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் கேட்கிறேன். வைகாசி பிறந்த முதல் வாரத்தில் விதைத்தால் ஆனி நடுவில் செடி பூவெடுக்கும். அப்போது மடக்கிவிட்டால், ஆடி பிறக்கும்போது பாத்தி நாற்றுக்குத் தயார். காய்கறி விளைச்சலில் ஒரு கூடை கூடக் குறையாது. தண்ணீர்தான் கொஞ்சம் செலவாகும். முளைக்கும்வரை தினமும் தெளிக்க வேண்டும், அதன்பிறகு வாரம் இரண்டு முறை போதும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை வீட்டுக்கு ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினாலே இரண்டு சென்ட் பிழைத்துவிடும். சோப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

விதைப்பது எளிது. இருக்கும் களையைச் செதுக்கி, மண்ணை விரற்கடை ஆழம் கிளறி, விதையை மணலோடு கலந்து தூவி, மேலாக மூடித் தண்ணீர் தெளித்தால் சில நாளில் முளைத்துவிடும். களை எடுக்கும் வேலையே இல்லை. நெருக்கமாக விதைத்த சணப்பை, கோரையைத் தவிர மற்ற களைகளைத் தலைதூக்க விடாது. எல்லாத் திறமையும் தேவைப்படுவது மடக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான். இதைக் கொஞ்சம் நிதானித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் பசுந்தாள் உரத்தைக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

முதல் மஞ்சள் பூக்கள் தெரிந்ததும் மடக்கிவிட வேண்டும். விதைத்து 40 முதல் 50 நாள் இருக்கும். சணப்பைப் பூ மிக அழகு. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வந்து மொய்க்கும். "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே, பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து இணங்காதீர்கள். பூத்துக் காய் பிடித்துவிட்டால் தண்டு நாராகிவிடும். சணல் போலக் கயிறு திரிக்கப் பயன்படும் செடி அது, அதன் முற்றிய தண்டு லேசில் மக்காது. மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணில் இருந்தே எடுத்துக்கொள்ளும். அடுத்து நட்ட கத்தரி வெளிறி மஞ்சளாகி நிற்கும். பிறகு "பசுந்தாள் உரம் போட்டோம், ஒன்றும் பயனில்லை" என்ற பேச்சு குடியிருப்பு முழுக்கப் பரவிவிடும். பூவுக்கு ஆசைப்பட்டால் ஓரமாக நாலு செடியை மட்டும் விட்டுவிடுங்கள். சணப்பை விதை ஆடு மாடுகளுக்கு நஞ்சு என்பதால் அந்த நாலையும் காய் முற்றுவதற்குள் வெட்டிவிடுங்கள். நம் தெருக்களில் ஆடும் மாடும் எந்த வேலியையும் மதிப்பதில்லை.

மடக்கும் நாளுக்கு முன்தினம் தண்ணீர் பாய்ச்சுங்கள். அரிவாளால் செடியை அடியில் அறுத்து, அரை அடித் துண்டுகளாக நறுக்கிப் பாத்தியிலேயே பரப்பி, மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குள் கொத்திப் புரட்டுங்கள். அதற்கும் கீழே புதைக்கக் கூடாது. காற்றுப் போகாத ஆழத்தில் அது மக்காமல் அழுகும். புரட்டியபின் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் சில நாள் பாத்தியில் புளித்த வாடை வரும். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தால் சூடு தெரியும், தழை கறுத்துக் கொழகொழவென்று இருக்கும். இந்த நிலையில் நாற்று நட்டால் வேர் வெந்துவிடும், விதை போட்டால் அழுகிவிடும். இரண்டு வாரம் பொறுங்கள். வாடை போய், முதல் மழையில் வருமே, அந்த மண் வாசம் வரும். தண்டின் நார் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெரியும். அப்போது நடலாம். செங்குன்றத்து அரிசி ஆலைகளில் இருந்து உமி வாங்கி மேலே மூடாக்குப் போட்டால் மணற்பாங்கான தோட்டத்தில் ஈரம் இன்னும் நிற்கும். காசிமேட்டு மீன் கழிவில் வெல்லம் கலந்து மீன் அமிலம் தயாரிக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதையும் நன்றாக நீர்த்துத் தெளிக்கலாம்.

கொத்தும் உடல் வலு எல்லோருக்கும் இருக்காது. நம் தோட்டங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் செடியை அறுத்து அப்படியே பாத்தியின் மேல் பரப்பிவிட்டு, வேரை மண்ணிலேயே விட்டுவிடலாம். தழைச்சத்தில் கொஞ்சம் காற்றில் போய்விடும், மக்குவதும் மெதுவாக நடக்கும், ஆனால் மண் வெயிலில் சுடாது, புழுக்கள் மேலே வரும். மூன்று வாரம் கழித்து மூடாக்கை விலக்கிக் குழி எடுத்து நாற்று நடலாம். முதுகை உடைத்துக்கொண்டு செய்துவிட்டு அடுத்த ஆண்டு கைவிடுவதைவிட இது நல்லது.

கத்தரி, தக்காளி, வெண்டையைத் திரும்பத் திரும்ப ஒரே பாத்தியில் போடுகிறவர்களுக்கு இன்னொரு நன்மை. செடி காரணமில்லாமல் வாடி, பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் வீங்கி முண்டு முண்டாக இருந்தால், அது வேர் முடிச்சு நூற்புழுவின் வேலை. நைட்ரஜன் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முண்டு வேரே வீங்கியது, உதிராது. இந்த நூற்புழு சணப்பையில் பெருக முடியாது. ஒரு பருவம் சணப்பை நின்றால் அதன் தொல்லை குறையும். காராமணிக்கு இந்தக் குணம் கிடையாது, அதில் நூற்புழு பெருகவும் கூடும்.

இனி வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். நம் பகுதியில் ஒரு குடியிருப்பில் மூன்று சென்ட் இடத்தில் சணப்பை விதைத்திருந்தோம். இடுப்பு உயரம் வளர்ந்து, மொட்டு விடும் நேரம். ஒரு காலையில் போய்ப் பார்த்தால் தரை மொட்டையாகக் கிடந்தது. "புதர் மண்டிக் கிடக்கிறது, பாம்பு வரும், கொசு வரும்" என்று யாரோ புகார் சொல்ல, சங்கத்தில் ஆள் வைத்து வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். வெட்டிய அக்காவிடம் கேட்டேன். "களை என்று சொன்னார்கள் தம்பி, வேரோடு பிடுங்கச் சொன்னார்கள்" என்றார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை, சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார். அத்தனை தழையும் மூட்டை கட்டப்பட்டுக் குப்பை வண்டியில் போய்விட்டது. அந்தத் தோட்டத்தின் ஓராண்டு உணவு கொடுங்கையூர்க் குப்பை மேட்டை நோக்கிப் போனது. ஒரு மாதம் கழித்து அதே சங்கம் செம்மண் லோடுக்குப் பணம் கட்டியது. எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். ஆனால் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதும் தெரியும். ஒருவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் இத்தனை விவரமாக எழுதுகிறேன். விதைக்கும் நாளிலேயே பாத்தியின் முனையில் ஒரு அட்டை நடுங்கள். "இது மண்ணுக்கான பயிர். ஆனி மாதத்தில் நாங்களே வெட்டுவோம்" என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். தூய்மைப் பணியாளர்களிடமும் காவலாளியிடமும் நேரில் சொல்லுங்கள். பாம்புப் பயம் நியாயமானதுதான். எனவே சுவரில் இருந்து இரண்டடி தள்ளி விதையுங்கள், நடுவில் நடக்க வழி விடுங்கள், தரைத்தளத்து ஜன்னல்களுக்கு அடியில் வேண்டாம். கொசு தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும், சணப்பைக் காட்டில் அல்ல. புகார் சொல்கிறவரைக் கூப்பிட்டுப் பாத்தியைச் சுற்றிக் காட்டினால் பெரும்பாலும் அவரே காவலுக்கு நின்றுவிடுகிறார். இது நான் கண்ட உண்மை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதை வாசிக்காமல் யாரும் விதை வாங்கப் போக வேண்டாம். பசுந்தாள் உரம் ஏழை மண்ணைத் தேற்றும், நச்சேறிய மண்ணைக் குணமாக்காது. நம் பகுதியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்கள் உண்டு, பழைய பட்டறைகள் இருந்த மனைகள் உண்டு, குப்பை கொட்டி மேடாக்கிய தெருக்கள் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் புகுந்த எண்ணூர்ப் பக்கத்து வீடுகளை நாம் மறக்கவில்லை. ஈயமும் காட்மியமும் மக்கிப் போகிற பொருட்கள் அல்ல. சணப்பை அவற்றை உறிஞ்சினாலும், அதே மண்ணில் மடக்கினால் அங்கேயே திரும்பச் சேரும். வழக்கமான மண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பின் அளவு, தழை, மணி, சாம்பல் சத்துகள்தான் தெரியும். கன உலோகங்களைத் தனியாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். சந்தேகமான வரலாறு உள்ள மனையில் முதலில் அந்தப் பரிசோதனைக்குச் சங்கம் செலவு செய்யட்டும். முடிவு வரும்வரை தரையில் கீரையும் முள்ளங்கியும் கிழங்கும் போடாதீர்கள். இவற்றின் வழியாகத்தான் மண்ணில் இருப்பதும் ஒட்டியிருக்கும் தூசியும் நம் தட்டுக்கு அதிகம் வருகின்றன. அங்கே நல்ல மண் நிரப்பிய பைகளில் வளர்ப்பதே சரி. பைகளிலும் பசுந்தாள் உரம் செய்யலாம். காய்ப்பு முடிந்த பையில் ஒரு சிட்டிகை சணப்பையோ, மளிகைக் கடை முழுப் பச்சைப்பயறோ தூவி, ஒரு மாதத்தில் நறுக்கிப் போட்டுக் கிளறிவிட்டால் பழைய கலவைக்கு மீண்டும் உயிர் வரும்.

வீட்டுக் குப்பையில் தயாரிக்கும் உரமும் மாநகராட்சியின் உரமாக்கும் மையங்களில் கிடைக்கும் உரமும் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும். மக்கு உரத்தை நாற்றுக் குழிக்கு வையுங்கள், பாத்தி முழுவதற்கும் பசுந்தாள் இருக்கட்டும். மூன்று சென்டை முழுதாக ஊட்டும் அளவுக்கு எந்தக் குடியிருப்பின் சமையலறையும் உரம் தருவதில்லை.

கடைசியாக விதை. தனி ஒருவருக்கு இதில்தான் சிக்கல், சங்கத்துக்கு இதுதான் மிக எளிது. பசுந்தாள் உர விதை விவசாயிகளுக்காக மூட்டைக் கணக்கில் விற்கப்படுவது. 250 கிராம் கேட்டுப் போனால் கடைக்காரர் சலித்துக்கொள்கிறார். பத்துப் பன்னிரண்டு சங்கங்கள் சேர்ந்து 20 கிலோ மூட்டை ஒன்றை வாங்கிப் பிரித்தால் எண்பது சென்டுக்குப் போதும். சித்திரை கடைசிக்குள் வாங்கிவிட வேண்டும், பிறகு விதை கிடைப்பது கடினம். பழைய விதையாக இருந்தால் ஈரத் துணியில் நூறு விதையைக் கட்டி வைத்து எத்தனை முளைக்கின்றன என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அரசிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அதை நீங்கள்தான் கேட்க வேண்டும். 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில், மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில், 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் உர விதை வழங்குவதாக அறிவித்தார்கள். மிக நல்ல அறிவிப்பு. அது விவசாயிகளுக்கானது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். தோட்டக்கலைத் துறை நகரவாசிகளுக்கு மானிய விலையில் தரும் தோட்டத் தொகுப்பில் காய்கறி விதைகளோடு ஒரு சிறு பொட்டலம் சணப்பை விதையையும் அதைப் பயன்படுத்தும் குறிப்பையும் சேர்த்தால் போதும். மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் இருக்கும் அரசுத் தோட்டக்கலைப் பூங்காவில் ஒரு பாத்தியைக் கோடைதோறும் இதற்கு ஒதுக்கி, மடக்கும் நாளன்று பொதுமக்களை அழைத்துக் காட்டினால் இந்த மடலுக்கே தேவை இருக்காது. நான் தனியாக மனு கொடுத்தால் ஒரு தாள். இருபது சங்கங்களின் லெட்டர்பேடில் போனால் அதற்கு எடை இருக்கும். மனுவை எழுதித் தர நான் தயார்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வையுங்கள். தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் விட மனமில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இந்த வைகாசியில் விதையுங்கள். ஆடியில் அந்தப் பங்கிலும் பக்கத்துப் பங்கிலும் ஒரே நாற்றை நட்டு, மார்கழிவரை பறிக்கும் காயைத் தனித்தனியாக எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மறு ஆண்டு முடிவெடுங்கள். விதை மூட்டை வாங்குவதற்கும், மடக்கும் நாளில் கொத்துவதற்கும் ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் மண்வெட்டியோடு நானே வருகிறேன்.

அன்புடன்,
மாதவரத்தில் இருந்து ஒரு தோட்டக்காரன்